வௌவால் செத்தால் விவசாயிக்கு என்ன?

வௌவாலைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வோர் நம்மிடையே குறைவு. மாம்பழத்தைக் கடித்துப் போட்டுவிடும் என்கிறோம். வீட்டுக்குள் புகுந்தால் கூடாது என்கிறோம். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலும் அதனை உண்ணத்தகாதவற்றின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. ஆயினும் வட அமெரிக்காவில் பல மில்லியன் வௌவால்கள் நோயினால் மடிந்தபோது, அந்த நட்டம் அங்குள்ள விவசாயியையும் அவரது பிள்ளைகளையும் வந்து சேர்ந்தது. வயலை நம்பி வாழ்ந்தவர்களும், வயலுக்குத் திரும்பும் நாளை எண்ணிக் கொண்டிருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

மூக்கில் வெண்மை

2006ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், அல்பனி நகருக்கு அண்மையிலுள்ள ஹோவ்ஸ் குகைக்குள் சென்ற ஒருவர் அங்கே தொங்கிக் கொண்டிருந்த வௌவால்களைப் படம் பிடித்தார். அவற்றின் மூக்கைச் சுற்றி மாப்பூசியது போல வெண்மை படர்ந்திருந்தது. அடுத்த குளிர்காலத்தில், 2007இல், அப்பகுதிக் குகைகளில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் செத்துக் கிடந்தன. குளிர்காலம் முழுவதும் உறங்க வேண்டியவை பட்டப்பகலில் உறைபனியின் மேல் பறந்து விழுந்து இறந்தன. இந்நோய்க்கு 'வெண்மூக்கு நோய்' என்று பெயரிட்டார்கள்.

காரணம் ஒரு பங்கசு. ஈரம்பட்ட பாணிலும் தேங்காயிலும் படரும் பூஞ்சணம் போன்றதே இதுவும். 2009இல் விஞ்ஞானிகள் இதனைப் புதிய இனமாக அடையாளங் கண்டார்கள். இந்தப் பங்கசுதான் நோயை உண்டாக்குகிறது என்பது 2011இல் பரிசோதனை மூலம் உறுதியாயிற்று. இது குளிரில் வாழ்வது. 12 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான குளிரில் நன்றாக வளரும். 20 பாகைக்கு மேல் வளர மாட்டாது.

விதைநெல்லைத் தின்ற குடும்பம் போல

பங்கசு எப்படி வௌவாலைக் கொல்கிறது? அதை விளங்கிக்கொள்ள, குளிர்கால உறக்கத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் பறக்கும் பூச்சிகள் இல்லை. பூச்சியையே உண்ணும் வௌவாலுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் உணவில்லை. எனவே இலையுதிர் காலத்தில் நிறைய உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குகைக்குள் சென்று உறங்குகிறது. உடலின் சூடு குகையின் குளிருக்கு இறங்கிவிடும். நிமிடத்துக்குப் பல நூறு தடவை அடிக்கும் இதயம் மிக மெதுவாகிவிடும். அப்போது உடலின் எதிர்ப்புச் சக்தியும் உறங்கிவிடுகிறது. இதுதான் பங்கசுக்கு வாய்ப்பு. அது மூக்கிலும் காதிலும் படர்ந்து, இறக்கைத் தோலுக்குள்ளும் ஊடுருவுகிறது. இறக்கைத் தோல் பழுதுபட, உடலின் நீர் குறைகிறது. வௌவால் அடிக்கடி விழித்தெழுகிறது.

நலமுள்ள வௌவாலும் இடையிடையே விழிப்பதுண்டு. ஆனால் ஒவ்வொரு விழிப்புக்கும் உடலைச் சூடாக்கப் பெருமளவு கொழுப்பு எரிய வேண்டும். நோயுற்றது மீண்டும் மீண்டும் விழிப்பதால், வசந்தம் வரமுன்னரே சேமிப்புத் தீர்ந்துவிடுகிறது. கொம்பறையில் இருந்த விதைநெல்லை மழைக்கு முன்னரே குற்றித் தின்னவேண்டி வந்த குடும்பத்தின் நிலைதான் அதற்கும். பசி தாங்காமல் வெளியே பறக்கிறது; வெளியே பனியைத் தவிர வேறொன்றுமில்லை.

2012ஆம் ஆண்டளவில் இறந்தவற்றின் தொகை 57 இலட்சத்துக்கும் 67 இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்று அமெரிக்க வனசீவராசிகள் சேவை மதிப்பிட்டது. மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மூன்று இனங்களில், பத்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேல் அழிந்துபோயின. இவ்வினங்கள் எலியைப் போலப் பெருகுபவை அல்ல. சிறு கபில வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். இழந்ததை மீளப் பெறப் பல பத்தாண்டுகள் செல்லும்.

வந்த வழி

இப்பங்கசு ஐரோப்பாவிலும் ஆசியாவின் சில பகுதிகளிலும் நெடுங்காலமாக உள்ளது. அங்குள்ள வௌவால்கள் அதனோடு வாழப் பழகிவிட்டன. கூட்டங் கூட்டமாக இறப்பதில்லை. ஐரோப்பாவிலிருந்து மனிதரின் சப்பாத்திலோ, உடையிலோ, குகைக்குள் கொண்டுசெல்லும் கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதே விஞ்ஞானிகளின் கருத்து. பின்னர் வௌவாலிலிருந்து வௌவாலுக்குப் பரவியது. 2010இல் கனடாவை எட்டியது. 2016இல் மேற்குக் கரையிலுள்ள வோஷிங்டன் மாநிலத்தில், முன்பு நோய் காணப்பட்ட இடங்களுக்கு ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர் அப்பால் வெளிப்பட்டது.

வயலில் தெரிந்த வித்தியாசம்

பூச்சி உண்ணும் வௌவால் பயிருக்கு உண்மையில் எவ்வளவு உதவுகிறது? இல்லினோய் மாநிலத்தில் இரு ஆய்வாளர்கள் சோளக் காணியின் சில பாத்திகள் மீது இராக் காலத்தில் மட்டும் வலை விரித்தார்கள். பூச்சிகள் உட்புகலாம், வௌவால் புக முடியாது. பகலில் வலையை நீக்கிப் பறவைகளுக்கு வழிவிட்டார்கள். அறுவடைக் காலத்தில் பார்த்தபோது, வௌவால் வராத பாத்திகளின் பொத்திகளில் புழுவும், பழுதான மணியும் மற்றவற்றைவிட அரைப் பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தன. புழு கடித்த இடங்களில் நச்சுப் பூஞ்சணமும் கூடப் பிடித்திருந்தது. 2015இல் வெளிவந்தது இவ்வாய்வு. 2018 முதல் நமது சோளத்தைத் தாக்கிவரும் சேனா படைப்புழுவின் தாயும் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிதான் என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

இதைவிடக் கனமான செய்தி 2024இல் வந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏயல் ஃபிராங்க் என்னும் பொருளியலாளர், வெண்மூக்கு நோய் வந்த மாவட்டங்களையும் இன்னும் வராத மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நோய் வந்த இடங்களில் விவசாயிகளின் பூச்சிநாசினிப் பாவனை 31 வீதம் கூடியிருந்தது. வௌவால் சம்பளமின்றிச் செய்த வேலையை மருந்துப் போத்தல் செய்ய வேண்டி வந்தது. அப்படியும் பயிரால் வந்த வருமானம் ஏறத்தாழ 29 வீதம் குறைந்தது. 2006 முதல் 2017 வரை விவசாயிகளுக்கு ஏற்பட்ட இழப்பு 2,690 கோடி டொலர் என்பது அவரது கணக்கு.

பணத்தோடு நின்றுவிடவில்லை. அதே மாவட்டங்களில், விபத்து முதலிய காரணங்களை நீக்கிப் பார்த்தபோது, ஒரு வயதுக்கு முன் இறந்த குழந்தைகளின் தொகை ஏறத்தாழ 8 வீதம் கூடியிருந்தது. மொத்தம் 1,334 குழந்தைகள். எந்தக் குழந்தை எந்த மருந்தால் இறந்தது என்று இந்த ஆய்வு காட்டவில்லை. அப்படிக் காட்டவும் முடியாது. ஆனால் வௌவால் அழிந்த இடத்தில், அழிந்த காலத்தை அடுத்தே இம்மாற்றம் நிகழ்ந்தது. நஞ்சு வயலோடு நிற்பதில்லை. காற்றிலும் நீரிலும் கலந்து வீட்டுக்கு வருகிறது. முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கு செய்யப்பட்டவை

பல குகைகளை மூடினார்கள். குகைக்குச் செல்வோரின் உடையையும் கருவிகளையும் 55 பாகைச் சுடுநீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைக்கும்படி விதித்தார்கள். வாய்வழித் தடுப்பு மருந்தையும், பங்கசை எதிர்க்கும் நல்ல பற்றீரியாவையும் பரிசோதித்தார்கள். முழுமையான தீர்வு இன்னும் கிட்டவில்லை. ஆயினும் நியூயோர்க், வெர்மொன்ற் மாநிலங்களின் சில குகைகளில் சிறு கபில வௌவால்கள் சில எஞ்சி நிற்கின்றன. தப்பியவற்றுள் கூடிய கொழுப்புடன் உறங்கச் சென்றவையும் உண்டு என்று கண்டிருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை

இலங்கையின் வெப்பமான தாழ்நிலத்தில் வௌவால் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. இந்தப் பங்கசும் நமது வெக்கையில் வளராது. ஆகவே அந்நோயை எண்ணி நாம் அஞ்ச வேண்டியதில்லை. நமது வௌவாலுக்கு ஆபத்து நாமேதான். ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்பும் குடும்பம் முதலில் காண்பது முகட்டில் தொங்கும் சிறு வௌவால்களையே. உடனே நெருப்பு வைத்துப் புகையடிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாமல் பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

• வெறுங்கையால் வௌவாலைத் தொடக்கூடாது. பிள்ளைகள் விளையாட எடுக்கவும் விடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் ஆசுப்பத்திரிக்குச் செல்ல வேண்டும். விசர்நோய் பரவ இடமுண்டு.

• எச்சத்தைக் கூட்டுமுன் நீர் தெளித்து நனைக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

• வீட்டில் வைத்திருக்க முடியாதெனில், குட்டிகள் பறக்கத் தொடங்கும் வரை பொறுத்திருந்து, மாலையில் எல்லாம் வெளியே போனபின் துவாரங்களை அடைக்கலாம்.

• வளவின் ஓரத்திலுள்ள பழைய பொந்து மரங்களை வீணாகத் தறிக்காது விடலாம்.

• வௌவால் கடித்த பழத்தை உண்ணாது எறிந்துவிட வேண்டும்.

நிலத்தை இழந்தவர்களுக்கு ஒரு போத்தல் மருந்தின் விலையும் பெரிது. பிள்ளையின் சுகமோ அதனினும் பெரிது. அமெரிக்க விவசாயிகள் தம் வயலில் யார் வேலை செய்தார்கள் என்பதை, அந்த வேலையாட்கள் செத்த பின்னரே அறிந்தார்கள். நமது முகட்டில் தொங்குபவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. இன்று மாலை இருள் கவியும் வேளையில் சற்று நிமிர்ந்து பார்ப்போம். நம்மிடம் கூலி கேளாமல் அவை வேலைக்குப் புறப்படும் நேரம் அது.