பனிமலை மடங்களும் நிழற்படக் கருவியும்



புதுச்சேரியில் நான் வாழும் பகுதிக்கு உப்பளம் என்று பெயர். பெயரில் உப்பு இருப்பினும், இன்று இங்கே நீங்கள் காண்பவை வீடுகளும் வீதிகளும் விளையாட்டரங்கமுமே. உப்புப் பாத்திகளைக் காண வடக்கே மரக்காணம் வரை செல்லுதல் வேண்டும். அங்கே நண்பகல் வெயிலில் ஒளிரும் உப்புக் குவியலைப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணைக் கூசவைத்த வெண்மை, படத்தில் சாம்பல் பூத்துக் கிடக்கும். இமயத்தின் பனியையும், அதன் மடியில் வாழும் பௌத்தத் துறவியரையும் படம் எடுக்கச் செல்வோர் முதலில் எதிர்ப்படும் இடர் இதுவே.

காரணம் எளிது. கருவியிலுள்ள ஒளிமானிக்குப் பனி எது, பாறை எது என்று தெரியாது. காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே அது ஒளியை அளக்கிறது. பனி நிறைந்த இடத்தில் ஒளி மிகுதி என்று முடிவு செய்து, உட்புகும் ஒளியைக் குறைத்துவிடுகிறது. பனி மங்குகிறது, அதன்முன் நிற்கும் துறவியின் முகம் கறுத்துவிடுகிறது. இதனை அறிந்தவர் ஒளிமானி காட்டும் அளவைவிட ஒரு படியோ இரு படிகளோ கூடுதலாக ஒளியை விடுவர். ஒரு படி என்பது ஒளியை இருமடங்காக்குவதாகும்.

உயரமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. லடாக்கிலுள்ள லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. மெல்லிய அக்காற்றினூடே வெயில் கூர்மையாக விழுகிறது. நிழல் ஆழ்ந்து கறுக்கிறது. குளிரில் மின்கலம் விரைவில் சோர்ந்துவிடும். குளிர்ந்த கருவியை வெதுவெதுப்பான அறைக்குள் திறந்தால் வில்லையின்மேல் நீர் படியும். ஆகவே பைக்குள் மூடியவாறே சிறிது நேரம் வைத்திருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கருவியைப் பற்றிய கல்வி. மடத்தின் வாயிலைக் கடந்தபின் வேறொரு கல்வி தேவைப்படுகிறது. திபெத்திய மரபைச் சேர்ந்த மடங்களின் முற்றத்தில் இளந்துறவியர் தருக்கம் பயில்வர். விடை கூறுபவர் அமர்ந்திருப்பார், வினவுபவர் நின்றிருப்பார். வினா முடியும் கணத்தில் அவர் வலக்கையை உயர்த்தி இடக்கையில் ஓங்கித் தட்டி, காலை நிலத்தில் ஊன்றுவார். முறை அறியாதவர் இதனைச் சண்டை என்று கருதிப் படம் எடுப்பார். அறிந்தவரோ, கைதட்டும் ஒலி எழுந்தவுடன் அமர்ந்திருப்பவரின் முகத்தை நோக்குவார். சிந்தனை பிறப்பது அங்கேயன்றோ?

இத்தகைய அறிவைப் பொறுமையுடன் தேடிய ஒருவர் நம் புதுச்சேரிக்கு வந்து சென்றிருக்கிறார். அவர் அலெக்சாந்த்ரா தவீத் நேல் என்னும் பிரெஞ்சு மாது. 1868இல் பிறந்த அவர், 1911இல் இங்கு வந்து அரவிந்தரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு சிக்கிம் சென்றார். அங்கே லாச்சென் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் தவம் புரிந்த துறவி ஒருவரிடம் மாணவியாக அமர்ந்து, திபெத்திய மொழியும் சமயமும் கற்றார். குகையே அவருக்குக் குளிர்கால இல்லம். சிக்கிமிய மடங்களையும் துறவியரையும் அவர் எடுத்த படங்களுக்குப் பின்னால் இந்த வாழ்க்கை நிற்கிறது.

கருவியைத் துறக்கவும் அவர் அறிந்திருந்தார். அயல்நாட்டார் புகலாகாத லாசா நகரத்தை அடைய, முகத்தில் கரி பூசி, ஏழை யாத்திரிகர் வேடம் பூண்டு, வளர்ப்பு மகன் யோங்தெனுடன் நடந்தார். கருவி கையிலிருந்தால் வேடம் கலைந்துவிடும் என்பதால் அதனைக் கொண்டு செல்லவில்லை. 1924இல் நகரை அடைந்தபோது அவருக்கு வயது 55. பொதாலா அரண்மனையின்முன் அவர் இருக்கும் படம் வேறொருவர் எடுத்தது.

இப்படங்களால் பயன் என்ன என்று கேட்கலாம். பீகாரைக் களமாகக் கொண்டு உழைத்த அறிஞர் இராகுல் சாங்கிருத்யாயன் 1929 முதல் 1938 வரை நான்கு முறை திபெத்து சென்றார். இந்தியாவில் மறைந்துபோன வடமொழிச் சுவடிகள் அங்குள்ள மடங்களில் இருந்தன. அவற்றைப் படியெடுத்தும் படம் பிடித்தும் கொணர்ந்தார். தென்னாட்டில் தோன்றியவர் என்று திபெத்திய மரபு கூறும் தருமகீர்த்தியின் பிரமாணவார்த்திகம் அவ்வாறு மீண்ட நூல்களுள் ஒன்று.

பம்பாயில் பிறந்த ஓவியர் லி கோதமி, தம் கணவர் அனாகரிக கோவிந்தருடன் 1948இல் மேற்குத் திபெத்திலுள்ள சபராங் சென்றார். பாழடைந்த அந்நகரின் கோயில்களில் கடுங்குளிரில் இருந்து சுவரோவியங்களைப் படியெடுத்தார். சிலைகளைப் படம் பிடித்தார். 1966இல் தொடங்கிய சீனப் பண்பாட்டுப் புரட்சியின்போது அக்கோயில்களின் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைந்தவை எவ்வாறு இருந்தன என்பதற்கு அவருடைய படங்கள் இன்று சாட்சி.

சாட்சி என்று நான் சொல்வது அலங்காரச் சொல் அன்று. புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களைப் படம் எடுத்துத் தொகுத்து வைத்துள்ளது. களவுபோய்க் கடல் கடந்த சிலைகள் சிலவற்றை நம்முடையவை என்று மெய்ப்பிக்க அப்பழைய படங்கள் உதவியுள்ளன.

ஆதலால், நண்பர்களே, மலைக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் இவற்றை நினைவிற் கொள்ளுங்கள். துறவியைப் படம் எடுக்குமுன் இசைவு கேளுங்கள். மறுத்தால் வணங்கி விலகுங்கள். வெண்ணெய் விளக்கின் ஒளியில் வழிபாடு நிகழும்போது மின்னொளியைப் பாய்ச்ச வேண்டா. பழைய ஓவியங்கள் உள்ள அறைகளில் கருவிக்குத் தடையிருந்தால் அதனை மதித்து நடவுங்கள்.

மலை தொலைவென்றால் உங்கள் ஊர்க் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் தொடங்கலாம். எடுத்த ஒவ்வொரு படத்திற்கும் இடம், நாள், நிகழ்ச்சி ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதனைக் காண்பவருக்கு, படம் பேசத் தொடங்குவது அந்த ஒரு வரியிலிருந்துதான்.