வெண்புள்ளி குஷ்டமல்ல



நெசவுக்குப் பேர்போன பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தாயார் தம் மகளை அழைத்து வந்தார். மகளின் இரு கை விரல் நுனிகளிலும் உதட்டோரங்களிலும் பால்போன்ற வெண்மை. "ஐயா, வெண்குஷ்டம்னு சொல்லி வந்த சம்பந்தத்தை முறிச்சிட்டாங்க. இது இன்னும் பரவுமா?" என்று அழுதார்.

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுவதால் வெண்புள்ளி தோன்றுகிறது. இதற்குக் கிருமி இல்லை. தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் தொற்றாது. உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இது உண்டு.

வெண்மை எங்கே, எப்படி அமைந்திருக்கிறது என்பதையே மருத்துவர் முதலில் கவனிக்கிறார். பெரும்பாலோருக்கு இது இருபுறமும் ஒத்து வரும்: விரல்கள், கண் வாய் ஓரங்கள், முழங்கை, முழங்கால். இவ்வகை பல ஆண்டுகள் கூடியும் நின்றும் வரும். சிலருக்கு, அதிலும் சிறுவயதில், உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் தோன்றி நடுக்கோட்டோடு நின்றுவிடும். அங்குள்ள முடியும் நரைக்கும். இது ஓரிரு ஆண்டுகள் வேகமாகப் பரவிப் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றபின் தோல் ஒட்டுச் சிகிச்சை நல்ல பலன் தரும். அபூர்வமாக உடல் முழுவதுமே வெளுப்பதும் உண்டு. பாவாடை நாடா, செருப்பு வார் உராயும் இடங்களிலும் புள்ளிகள் வரலாம். நெற்றியில் மட்டும் வெளுத்தால் ஒட்டும் பொட்டின் பசை காரணமாயிருக்கலாம். அதை உடனே நிறுத்த வேண்டும்.

குஷ்டரோகத் தழும்போ பால் வெண்மையாயிராது. மங்கலாகவோ சிவந்தோ இருக்கும், உணர்ச்சியும் குறைந்திருக்கும். அதற்குக் காரணமான கிருமியை 1873-ல் ஹான்சன் கண்டறிந்தார். இன்று அதுவும் இலவச மருந்துகளால் முற்றும் குணமாகிறது, அவர்களையும் ஒதுக்கலாகாது.

வேதத்தில் குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல் பல சரும வியாதிகளையும், வீட்டுச் சுவரில் படரும் கறையையும்கூடக் குறிக்கும். லேவியராகமம் 13-ஆம் அதிகாரம் 38, 39 வசனங்களோ, தோலில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளவர்களைச் சுத்தமுள்ளவர்கள் என்றே தீர்க்கின்றன. இதைப் படித்திருந்தும், கேயாசியைப்பற்றிப் பிரசங்கிக்கையில் நானே "வெண்குஷ்டம்" என்று சொன்னதுண்டு. அன்று ஆலயத்தில் இப்படி ஒரு மகள் உட்கார்ந்திருந்தாளோ என்று இப்போது வேதனைப்படுகிறேன்.

மருத்துவர் பஞ்சினால் தொட்டுப் பார்த்தார். உணர்ச்சி முழுமையாக இருந்தது. முகத்துப் புள்ளிகள் மருந்துக்கும் ஒளிச்சிகிச்சைக்கும் நன்கு இணங்கும், விரல் நுனியும் உதடும் தாமதிக்கும் என்று மறைக்காமல் சொன்னார். பிறக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதல்; ஆயினும் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்றும் விளக்கினார். தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டு, "இதை அவங்க வீட்டுலயும் யாராவது சொல்லக்கூடாதா?" என்றார்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை மருந்து வாங்கும். அந்த வீட்டில் சொல்வதற்கோ உங்கள் நாவு வேண்டும். உங்கள் சபையில் அந்தப் பழைய சொல் எழும்போது, "வெண்புள்ளி" என்று அன்போடு திருத்துங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்