திருத்துகிற கைக்கு என்ன விலை?

வவுனியா பஸார் வீதியில் ஒரு நடை நடந்தால் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடைகள் அடுத்தடுத்துக் கண்ணில் படும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிலைமை அதுதான். ஆனால் பழைய பிலிம் கமரா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதை யார் திருத்துவார்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் நாலு ஸ்டூடியோவில் கேட்டேன். நாலு பேரும், "இந்தக் காலத்தில் பிலிம் போடுவது யார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

கமராக் கதை நமக்கெதற்கு என்று வியாபாரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சாமான் விற்பவனின் கணக்கு வேறு. திருத்துபவனின் கணக்கு வேறு. முப்பது வருடமாக விற்கிற தொழிலில் இருக்கும் எனக்கு, அந்த இரண்டாவது கணக்கைக் கிட்ட நின்று பார்க்கும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

மிஞ்சிய ஒரே முதல்

கமராவின் சொந்தக்காரர் புதுக்குடியிருப்பில் ஸ்டூடியோ நடத்தியவர். முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கும் அவர்தான் வருவார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் தண்ணீரூற்றை விட்டுப் புத்தளம் போனோம். கடையும் சரக்கும் அங்கேயே நின்றுவிட்டன. அவர் வன்னியிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

தொண்ணூறுகளில் வன்னிக்குள் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போதும் அவருடைய கமரா வேலை செய்தது. காரணம், அது முழுக்க முழுக்க சுருள்வில்லிலும் பல்சில்லிலும் ஓடுகிற இயந்திரம்.

யாஷிக்கா மேட் 124 ஜி என்பது அதன் பெயர். 1970 தொடக்கம் 1986 வரை ஜப்பானில் செய்யப்பட்டது. மேலொன்று கீழொன்றாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் பிடிப்பதற்கு. ஒரு 120 பிலிம் ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம் விழும். பற்றரி தேவைப்படுவது வெளிச்சம் அளக்கும் மானிக்கு மட்டும்தான். வன்னி வெயிலில் நாற்பது வருடம் படமெடுத்தவருக்கு அந்த மானி தேவைப்படவில்லை.

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, வவுனியாவில் இருந்த மகளிடம் கமராவைக் கொடுத்து வைத்திருந்தார். 2009இல் ஸ்டூடியோவும், பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்த நெகட்டிவ்களும் இல்லாமல் போயின. ஒரு முழு வியாபாரத்தில் மிஞ்சியது அந்த ஒரு கமராதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"தம்பி, சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போறனீங்கள்தானே. இதையும் ஒருக்கால் காட்டிப் பாருங்கோ. பேரப்பிள்ளையளை இதிலை ஒரு படம் எடுக்க வேணும்" என்றார். அமானிதமாக வாங்கிக்கொண்டேன்.

செத்த சாமானுக்கு ஐயாயிரம்

முதலில் வவுனியாவில் எனக்குத் தெரிந்த கடிகாரம் திருத்துபவரிடம் காட்டினேன். ஒரு செக்கன் என்று வைத்து அமத்தினால் ஷட்டர் திறந்தது, திரும்ப மூடவில்லை. காதோடு வைத்துக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உள்ளே இருப்பது மணிக்கூட்டுப் பல்சில்லு மாதிரித்தான். அதைக் கழுவலாம். ஆனால் லென்ஸைக் கழற்றி அதே தூரத்தில் திரும்பப் பூட்டுவதற்கு என்னிடம் கருவி இல்லை. நான் தொடமாட்டேன்." காசும் வாங்கவில்லை. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதும் தொழில் நாணயம்தான்.

கொழும்பில் ஒரு கமராக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்தவர் பின்கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "இது செத்த சாமான், பாகம் கிடையாது. வேண்டுமானால் ஐயாயிரம் தருகிறேன்" என்றார். செத்த சாமானுக்கு ஏன் ஐயாயிரம் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

விசாரித்து விசாரித்துப் புறக்கோட்டையில் ஒரு மாடிப்படிக்கு மேலே எழுபது வயதை நெருங்கும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஒரு மேசை, ஒரு விளக்கு, நகை செய்பவர் வைத்திருப்பது போன்ற சிறு சிறு கருவிகள். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு தாளில் நாலு குறையை எழுதினார்.

முதலாவது, ஷட்டர். பழைய கிறீஸ் காய்ந்து பல்சில்லுகளைப் பிடித்திருக்கிறது. அது போதாதென்று வீட்டில் யாரோ தையல் மெசின் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். எண்ணெய் பரவி ஷட்டரின் மெல்லிய தகடுகளை ஒட்டவைத்துவிட்டது. அந்தத் தகடுகள் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டியவை.

இரண்டாவது, லென்ஸில் பூஞ்சணம். ஈரக்காற்றில், தோல் உறைக்குள் மூடி வைத்தால் கண்ணாடிக்கு இடையில் சிலந்தி வலை போலப் படரும். துடைத்தெடுக்கலாம். ஆனால் இரண்டு இடத்தில் கண்ணாடியின் மேற்பூச்சை அது தின்றுவிட்டது. அந்த வடு போகாது, படத்தில் பெரிதாகத் தெரியவும் தெரியாது.

மூன்றாவது, பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டியிருந்த பஞ்சு. கால ஓட்டத்தில் தார் மாதிரி உருகிக் கிடந்தது.

நாலாவது, மானி. அது கேட்பது 1.35 வோல்ட் பாதரசப் பற்றரி. பாதரசம் நஞ்சு என்பதால் அமெரிக்கா 1996இல் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. இப்போது சந்தையில் அது இல்லை. "மானியைச் சும்மா விடுங்க தம்பி, அதுக்குக் காசு செலவழிக்க வேணாம்" என்றார். வரக்கூடிய வருமானத்தை அவரே வெட்டிவிட்டார்.

நாலு வரி பில்

மொத்தம் 22,000 ரூபா, மூன்று கிழமை அவகாசம். பேரம் பேசாமல் நமக்கு வாய் நிற்காது. "நானா, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "குறைக்கலாம் தம்பி. அப்ப எந்த வேலையை விடுறது என்று நீங்க சொல்லுங்க" என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பேசாமல் பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சாமானைத் திரும்ப எடுக்கப் போனபோது என்னென்ன செய்தார் என்று கேட்டேன். ஷட்டரைப் பிரித்து லைட்டர் பெற்றோலில் பல தடவை கழுவினார். பூட்டிய பிறகு ஒரு கிழமை சும்மா வைத்திருந்து மீண்டும் சோதித்தார். மறைந்திருக்கும் எண்ணெய் ஊர்ந்து வருவதற்கு அவ்வளவு நாள் எடுக்குமாம். பிலிம் இருக்கும் இடத்தில் ஒரு தேய்த்த கண்ணாடியை வைத்து, தூரத்துக் கட்டடம் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்த்து லென்ஸைப் பூட்டினார். கைபேசியில் ஒரு சிறு உணரியைப் பொருத்தி ஒவ்வொரு வேகத்தையும் அளந்து அந்த அளவையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்று மாதத்துக்குள் ஷட்டர் நின்றால் காசில்லாமல் பார்த்துத் தருவதாகக் கையெழுத்தும் போட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பெற்றோல், பஞ்சு, பசை எல்லாம் சேர்த்தால் ஆயிரம் ரூபாவைத் தாண்டாது. மீதி இருபத்தோராயிரமும் கைக்கூலி. நம்மில் பலருக்கு இது பகற்கொள்ளையாகத் தெரியும். ஏனென்றால் நாம் எதையும் கொள்விலை, விற்பனை விலை, இடையில் இலாபம் என்றுதான் பார்க்கிறோம். திருத்துகிறவரின் கொள்விலை அவர் பழகிய நாற்பது வருடம். அவருடைய அலுமாரியில் உயிர் போன கமராக்கள் ஏழெட்டு இருந்தன. ஒரு திருகாணிக்காகக்கூட அவற்றை அவர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அதுவும் முதல்தான். பூட்டிக் கிடக்கும் முதல்.

கமராவின் சொந்தக்காரர் ஒரு ரோல் போட்டுப் பேரப்பிள்ளைகளை எடுத்தார். பன்னிரண்டில் பதினொன்று சரியாக விழுந்தது. ஒன்றில் சின்னவன் அசைந்துவிட்டான். புதுக்குடியிருப்பில் இழந்த படங்கள் திரும்பி வராது. ஆனாலும் 2009க்குப் பிறகு அவர் கையில் வந்த முதல் நெகட்டிவ் இதுதான்.

உலகம் எங்கே போகிறது?

"பிலிம் போடுவது யார்?" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. யாஷிக்காவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட கியோசெரா நிறுவனம் 2005இல் கமராத் தொழிலையே விட்டது. கோடக் 2012 ஜனவரியில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கோடக்கின் பிலிம் இன்றும் வருகிறது. இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் பிலிமும் வருகிறது. வாங்குகிறவர்களில் பலர் இளைஞர்கள். ஒரு ரோல் ஆயிரக்கணக்கில் விலை போகிறது.

2024இல் பென்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் கமராவை ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் சந்தைக்கு விட்டது. அதைச் செய்வதற்கு ஓய்வுபெற்ற பழைய பொறியியலாளர்களைத் தேடிப்போய், அவர்களிடம் இளைய பொறியியலாளர்கள் பாடம் கேட்டார்கள். இத்தனை பெரிய நிறுவனத்திடமே வரைபடம் இருந்தும் கைப்பழக்கம் காணாமல் போகப் பார்த்திருக்கிறது. நம் ஊர்களில் வரைபடமும் கிடையாது.

2022ஐ மறந்திருக்க மாட்டோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. புதுச் சாமான் வாங்க முடியாமல் மக்கள் மின்விசிறி, கிரைண்டர், கைபேசி என்று பழையதை எல்லாம் தூக்கிக்கொண்டு திருத்துபவர்களைத் தேடினார்கள். விற்கிறவன் கடை தூங்குகிற காலத்தில் திருத்துகிறவன் கடை விழிக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவருக்கு எந்தக் காலமும் காலம்தான்.

வீட்டில் பழைய கமரா இருந்தால்

தோல் உறையிலிருந்து வெளியே எடுத்துக் காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். உள்ளே பற்றரி இருந்தால் கழற்றிவிடுங்கள். கசிந்து செம்பைத் தின்றுவிடும். எந்த எண்ணெயும் விடாதீர்கள். மாதம் ஒரு தடவை ஷட்டரை இயக்குங்கள். திறந்து பார்க்காமலே விலை சொல்பவருக்கு விற்காதீர்கள். திருத்தக் கொடுக்கும்போது குறைகளையும் கூலியையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு யோசனை

அந்த மாடிப்படிக்காரரிடம் உதவிக்கு யாரும் இல்லை. ஒரு பையன் ஆறு மாதம் வந்தானாம். கைபேசிக் கடையில் அன்றாடம் காசு கிடைக்கிறது என்று போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கைபேசி திருத்தும் நம் பையன்களிடம் நுண்ணோக்கி இருக்கிறது, சாமணம் இருக்கிறது, நடுங்காத கை இருக்கிறது. பாதித் தொழில் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது. வவுனியாவில் ஒரு கடை, வடக்கிலுள்ள பழைய கமராக்களைச் சேர்த்து மாதம் ஒரு முறை கொழும்புக்குக் கொண்டுபோய்த் திருத்தி வந்தால் ஒரு கமராவுக்கு இவ்வளவு என்று தரகு கிடைக்கும். கூடப் போகிற பையன் இரண்டு நாள் மேசை அருகில் இருந்து பழகினால், சில வருடத்தில் அந்த வேலை வவுனியாவிலேயே நடக்கும். பெரிய முதல் தேவையில்லை. பையனின் பஸ் செலவையும் இரண்டு நாள் சம்பளத்தையும் கடைக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கடிகாரமோ கைபேசியோ திருத்தும் கடை வைத்திருக்கும் வாசகர் யாராவது ஒரு பையனை அனுப்ப முன்வந்தால், அந்த மாடிப்படியை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். பெரியவரிடமும் கேட்டுவிட்டேன்; சம்மதம் என்றார். யோசிக்கிறவர்கள் சீக்கிரம் யோசியுங்கள். அவருடைய கண்பார்வை முந்தி மாதிரி இல்லை.