வளர்ப்புப் பிராணிகள் உள்ள வீட்டில் பாம்பு புகாமல் காத்தல்

கோழியோ ஆடோ நாயோ உள்ள நெசவாளர் வீடுகளும் உழவர் வீடுகளும் நம் நாட்டில் பல. அப்பிராணிகள் உள்ள முற்றத்திற்குப் பாம்பு வருவதும் அரிதன்று. 2000 முதல் 2019 வரையுள்ள இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டிருப்பர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஆகவே அங்கத்தினர்கள் இவ்விஷயத்தில் கவனம் செலுத்துதல் அவசியம்.

பாம்பு ஏன் வருகிறது?

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை. இரையையும் மறைவிடத்தையும் தேடியே வருகிறது. கோழிக்கு இறைத்த தானியத்தில் எஞ்சியதும், நாய் உண்டு மிச்சம் வைத்த சோறும் எலியை அழைக்கின்றன. எலியின் பின்னே பாம்பு வருகிறது. தொட்டியடியின் ஈரத்திற்குத் தவளை வந்தால், தவளைக்காகவும் வரும். கோழிக்குஞ்சும் முட்டையும் நல்லபாம்பிற்கு நேரான இரை. ஆகவே பாம்பைத் தடுப்பது என்பது பெரும்பாலும் எலியைத் தடுப்பதேயாகும்.

செய்ய வேண்டுவன

1. நாய்க்கும் பூனைக்கும் பொழுது சாயுமுன் உணவிட்டு, வட்டிலைக் கழுவி எடுத்துவிட வேண்டும். தவிடும் தீவனமும் மூடியுள்ள தகர டப்பாவில் இருக்கட்டும்.

2. கோழிக்கூட்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அமைத்துக் கால் அங்குலக் கண்ணுடைய கம்பி வலையால் அடைத்தல் நன்று. சாதாரணக் கோழிவலையின் கண்ணில் சிறு பாம்பு எளிதாக நுழையும். முட்டைகளை அன்றன்றே எடுத்துவிட வேண்டும்.

3. விறகு, வறட்டி, தென்னைமட்டை, உடைந்த ஓடு ஆகியவற்றைச் சுவரோரம் குவிக்கலாகாது. விறகை வீட்டிற்குச் சற்று எட்டி, ஓரடி உயரப் பரண்மேல் அடுக்குக.

4. எலிவளைகளையும் சுவர் வெடிப்புகளையும் பூசி அடைத்து, சலதாரை வாய்க்கு வலையிடுக. எலிப் பாஷாணம் வைத்தால் அதை உண்ட எலியைத் தின்னும் பூனையும் மடியக்கூடும், பொறியே மேல்.

5. குழித்தறி உள்ளவர்கள் குழியின் சுவரை வெடிப்பின்றிப் பூசி வைத்து, வேலை முடிந்ததும் பலகையால் மூட வேண்டும். காலையில் விளக்கிட்டுப் பார்த்த பின்னரே குழிக்குள் காலை வைக்க வேண்டும்.

பலனற்ற முறைகள்

பூண்டு நீர் தெளிப்பதும், சிறியாநங்கை நடுவதும், பினாயில் ஊற்றுவதும் வழக்கத்தில் உள்ளன. இவற்றை நம்பி எலிவளையைத் திறந்து விடுவது பேதைமை. பினாயிலும் அந்துருண்டையும் பாம்பைத் தடுப்பதற்கு முன் பூனைக்கும் நாய்க்கும் கேடு செய்துவிடும்.

நாய் காவல் என்பதும் அரை உண்மையே. நாய் பாம்பை விட்டு விலகாமல் நெருங்கி நின்று குரைத்து, முகத்திலும் முன்காலிலும் கடிபடுகிறது. இரவில் வேலியோரம் கட்டிய நாய்க்குத் தப்பவும் வழியில்லை. கடிபட்ட நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குச் செல்க; விஷமுறிவு மருந்து அதற்கும் பயன்படும்.

மனிதரைக் கடித்தால்

கீறுவதும் இறுகக் கட்டுவதும் கூடா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைக. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் தழும்பும் தெரியாமலே போகலாம். விடியலில் வயிற்றுவலியும் இமை தாழ்தலும் கண்டால் தாமதித்தல் உயிருக்கு ஆபத்து. கட்டிலில் கொசுவலையை நன்றாகச் செருகி உறங்குவது சிறந்த காப்பு.

கொல்வது வழியன்று

சாரைப்பாம்பு விஷமற்றது, எலியைத் தின்று உழவருக்கு உதவுவது. பாம்பு வீட்டினுள் புகுந்தால் விலகி நின்று, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.

செங்கற்பட்டு மாவட்ட இருளர்கள் பாம்புத் தோல் வாணிகம் சட்டத்தால் தடைப்பட்டபின், 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து விஷம் எடுத்தபின் அதை உயிருடன் காட்டில் விட்டனர். அவ்விஷத்தினின்றே விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது. தோலுக்காகக் கொல்லப்பட்ட பாம்பு, கூட்டுறவின் வழியே உயிர் காக்கும் மருந்திற்கு மூலமாயிற்று.

இன்னொன்றும் கூறவேண்டும். ஒருவர் முற்றம் தூய்மையாயிருக்க, அடுத்த வீட்டில் குப்பை மேடு இருந்தால் பயன் யாது? எலிக்கு எல்லைக்கல் தெரியாது. ஆதலால் மழைக்காலத்திற்கு முன் ஒரு நாளைக் குறித்து, தெரு முழுவதும் ஒன்றுகூடி வளையடைத்துக் குப்பை நீக்குதல் வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.