கிளிப் ஒட்டுவதற்கு முந்தைய மாதங்கள்

பல்வரிசையைச் சீராக்கக் கிளிப் போடும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை நீள்வதாலும், சில வாரங்களுக்கு ஒருமுறை கம்பியை இறுக்கிக்கொள்ள வேண்டியிருப்பதாலும், ஆட்டிசம் உள்ளவருக்கு அது ஒத்துவராது என்று முதல் சந்திப்பிலேயே கைவிரித்துவிடுவோர் உண்டு. பலர் விஷயத்தில் அது அவசர முடிவு.

ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் கூறுகளுள் ஒன்று என்பதை, 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வரையறையிலேயே சேர்த்தது. கிளிப் ஒட்டும் நாளில் உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டம் வாய்க்குள் நுழைகிறது. எனாமலைச் சொரசொரப்பாக்கும் பாஸ்பாரிக் அமில ஜெல் தடவப்பட்டு, நீர் பீய்ச்சிக் கழுவப்படும்போது அதன் புளிப்பு நாக்கில் படுகிறது. எச்சிலை உறிஞ்சும் குழாய் இரைய, ஒவ்வொரு பல்லிலும் நீல ஒளி பாய்ச்சிப் பசை இறுக்கப்படுகிறது. இத்தனையும் ஒருசேர வந்து மோதும்போது வாயை மூடிக்கொள்வதும் மருத்துவரின் கையைத் தட்டிவிடுவதும் அடம் அல்ல, தாங்க இயலாமையின் வெளிப்பாடு.

ஆகவே சிகிச்சையின் பெரும்பகுதி கிளிப் ஒட்டுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். முதல் வருகையில் நாற்காலியில் அமர்ந்து எழுந்தாலே போதும். அடுத்ததில் கண்ணாடியால் பற்களை எண்ணலாம். வரப்போவதைப் படங்களால் முன்கூட்டியே விளக்குவதும், அதே மருத்துவர், அதே அறை, அதே நேரம் என்று மாறாமல் காப்பதும் பலருக்கு உதவுகின்றன. பற்களின் அச்சை எடுக்க, குமட்டலை உண்டாக்கும் பசைக்குப் பதிலாக, வாய்க்குள் படமெடுக்கும் ஸ்கேனரைப் பயன்படுத்தலாம்.

பல் துலக்கும் பழக்கம் நிலைபெறுவதற்கு முன் கம்பி போடுவது கூடாது. கிளிப்பைச் சுற்றித் தேங்கும் அழுக்கு எனாமலை அரிப்பதால், கிளிப்பைக் கழற்றிய பின்னும் வெண்திட்டுகள் நின்றுவிடும். ஒத்துழைப்புக்குப் பரிசாக இனிப்புத் தருவதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் தொடங்கும் வலி சில நாள் நீடிப்பது இயல்பு. ஆனால் பேச்சில்லாத ஒரு சிறுவன், கம்பியின் முனை கன்னத்தைக் குத்துவதைச் சொல்ல மாட்டான். சோற்றுத் தட்டைத் தள்ளுவான், கன்னத்தில் அடித்துக்கொள்வான், இரவில் உறங்க மாட்டான். இவற்றைக் குணக்கேடு என்று எண்ணாமல் முதலில் வாயைத் திறந்து பார்க்கும்படி பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்லிவைப்பது மருத்துவரின் கடமை.

எல்லாப் பல்லும் இம்மி பிசகாமல் அமைய வேண்டியதில்லை. கடிக்கவும் துலக்கவும் இடையூறாக இருக்கும் பற்களை மட்டும் திருத்துவது பலருக்குப் போதுமானது. சிகிச்சை முடிந்தபின் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும், கழற்றி மாட்டும் ரீடெய்னரை ஏற்காதவருக்கு, பற்களின் பின்புறம் மெல்லிய கம்பியை ஒட்டியே வரிசையைக் காக்கலாம்.