மே மாதத்தில் தொடங்கும் ஆண்டு

வளாகத் திண்ணை – 11

சென்ற வாரம் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளின் வகுப்பறைகளைப் பார்த்தோம். இந்த வாரம், வகுப்பு முடிந்தபின் அதே மாணவர்கள் கூடுகிற ஓர் அறைக்குப் போகலாம். வணிகம் படிப்பவர்களின் சங்கம் அங்கே கூடுகிறது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் மாணவர்கள். ஆசிரியர் ஒருவர் ஆலோசகர். நானும் அப்படியோர் ஆலோசகர்தான். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இந்த வருஷம் என்னென்ன நிகழ்ச்சி வைக்கலாம்?" என்பது. அதற்கு முன்னால் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நமக்கு எத்தனை கூட்டம் கிடைக்கும்?

எண்ணிப் பாருங்கள். இலையுதிர்கால செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவில் முடியும். ஏறத்தாழ 15 வாரம். முதல் வாரம் பாடம் மாற்றுவதிலும் புத்தகம் தேடுவதிலும் போய்விடும். செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தின விடுமுறை. அக்டோபரில் இடைத்தேர்வு. நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலல் நாள்; அந்த வாரத்தின் பிற்பாதியில் வளாகத்தில் ஆள் இருக்காது. கடைசி இரண்டு வாரம் தேர்வுக் கவலை. மிஞ்சுவது பத்து வாரம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஐந்து கூட்டம். வசந்தகால செமஸ்டரிலும் இதே கதைதான். மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறை வேறு. ஆக ஆண்டு முழுவதற்கும் பத்துப் பதினொரு கூட்டம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். ஆண்டுத் திட்டம் என்பது இந்தப் பதினொரு மணி நேரத்தை என்ன செய்யப்போகிறோம் என்பதுதான். இதைப் பலகையில் எழுதிக் காட்டினால், இருபது நிகழ்ச்சிகளோடு வந்த பட்டியல் அங்கேயே ஆறாகச் சுருங்கிவிடும். அந்த ஆறையும் ஒழுங்காக நடத்தினால் அது நல்ல ஆண்டு.

இந்தச் சங்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ஹாம்டன் ஃபோர்க்னர் 1937இல் ஒரு யோசனை சொன்னார்: நாடெங்கும் பள்ளிகளில் தனித்தனியாக இயங்கிய வணிக மாணவர் மன்றங்களை ஒரே குடையின் கீழ் கொண்டுவரலாம் என்று. (பின்னாளில் சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கியவரும் இவர்தான்.) 'ஃப்யூச்சர் பிசினஸ் லீடர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரில் முதல் பள்ளிக் கிளை 1942 பிப்ரவரி 3ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் தொடங்கியது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. கல்லூரி மாணவர்களுக்கான 'ஃபை பீட்டா லாம்டா' 1958இல் அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸில் பிறந்தது. இப்போது அது எஃப்.பி.எல்.ஏ. காலேஜியேட் என்ற பெயரில் இயங்குகிறது. கல்லூரிக்கு ஒரு கிளை, கிளைகளுக்கு மேலே மாநில அமைப்பு, அதற்கும் மேலே தேசிய அமைப்பு. அமைப்புக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கலாம். ஆனால் ஒரு கல்லூரிக் கிளையை நடத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிவிடுகிறார்கள். இரண்டாண்டுக் கல்லூரியில், தொழில் பழகிய பொறுப்பாளர்கள் அத்தனை பேரும் ஒரே மே மாதத்தில் வெளியேறிவிடுவது சர்வசாதாரணம். திட்டம் போடும்போது நான் மனத்தில் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான்.

நிகழ்ச்சிகளை ஆகஸ்டிலிருந்து முன்னோக்கி அடுக்கக் கூடாது. கிளையால் தேதியை மாற்ற முடியாத விஷயங்களை முதலில் காலண்டரில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். அப்படிப்பட்டவற்றில் பெரியது மாநில மாநாடு. பல மாநிலங்களில் வசந்தகாலத்தில் நடக்கும். கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம் போன்றவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. குழுவாக நின்று விளக்கம் தரும் போட்டிகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் சிக்கலை எழுதிக் கையில் கொடுப்பார்கள். சில நிமிடம் படித்துவிட்டு நடுவர் முன் தீர்வு சொல்ல வேண்டும். என் மாணவர்கள் மிகவும் பயப்படுவதும், முடிந்தபின் மிகவும் விரும்புவதும் இந்தக் கடைசிப் போட்டியைத்தான். முன்னணியில் வருகிறவர்கள் கோடைத் தொடக்கத்தில் தேசிய மாநாட்டுக்குப் போவார்கள்.

மாநாடு ஏப்ரல் முதல் வாரம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ஒரு வாரம் விடுமுறையில் போகும். எனவே பயிற்சி பிப்ரவரியில் சூடுபிடித்தாக வேண்டும். கல்லூரிக்கு வெளியே மாணவர்களை அழைத்துப் போக அனுமதி, பயணப் படிவம், அவசரத் தொடர்பு விவரம் எல்லாம் வாரக்கணக்கில் முன்னதாகவே அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர்ப் பதிவும் விடுதி அறையும் அதற்கும் முன்னால். அப்படியானால் யார் எந்தப் போட்டி என்பது டிசம்பர் விடுமுறைக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தேசிய அமைப்புக்கும் மாநில அமைப்புக்கும் சந்தா கட்டியவர்கள்தான் போட்டியிட முடியும் என்பதால், சந்தா அக்டோபர், நவம்பரில் வசூலாக வேண்டும். அக்டோபரில் சந்தா கட்ட ஒரு மாணவர் மனம் வைக்க வேண்டுமானால், செப்டம்பரில் மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும் நாளில் அவரிடம் மாநாட்டைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் மாநாட்டுக்கான வேலை செப்டம்பர் மேசையில் தொடங்கிவிடுகிறது. ஜனவரியில் போட்டியை அறிவிக்கிற கிளைகளுக்கு ஆள் கிடைக்காததில் வியப்பில்லை.

பணத்தையும் இப்படிப் பின்னாலிருந்துதான் பார்க்க வேண்டும். உதாரணமாக எட்டு மாணவர்கள், ஓர் ஆலோசகர். ஓர் அறைக்கு நான்கு பேர் என்று மாணவர்களுக்கு இரண்டு அறை, ஆலோசகருக்கு ஒன்று. இரண்டு இரவு, அறைக்கு 150 டாலர் என்றால் 900. மாணவர்களின் பதிவுக் கட்டணம் தலைக்கு 100 என்றால் 800. வேன் வாடகையும் எரிபொருளும் 350. மொத்தம் 2,050 டாலர். மாணவர் பேரவை, மாணவர்கள் கட்டும் நடவடிக்கைக் கட்டணத்திலிருந்து 1,000 ஒதுக்கினால், மீதி 1,050. கேக், பிஸ்கட் விற்றால் ஒரு நாளைக்கு 150 டாலர் கிடைக்கும் என்றால் ஏழு தடவை விற்க வேண்டும். மொத்தமே பதினொரு கூட்டம் இருக்கிற ஆண்டில் ஏழு விற்பனையா? இந்த இடத்தில்தான் மாணவர்கள் வணிகம் படிக்கத் தொடங்குகிறார்கள் என்பேன். விற்பனையை இரண்டாகக் குறைத்து, உள்ளூர்க் கணக்குத் தணிக்கை நிறுவனத்திடமும் கடன் சங்கத்திடமும் ஆதரவு கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதச் சொல்வேன். தொழில்கல்விக்கான பெர்கின்ஸ் சட்டத்தின் கூட்டாட்சி நிதியை இத்தகைய மாணவர் அமைப்புகளுக்கும் செலவிட இடமுண்டு. கல்லூரியில் அந்த நிதியைக் கவனிப்பவர் யாரென்று தெரிந்துகொண்டு முந்தைய வசந்தத்திலேயே அவரைப் பார்த்துவிட வேண்டும். விடுதிச் செலவை மாணவர் தலையில் கட்டினால் என்ன ஆகும்? இரவில் கடையில் வேலை பார்த்துப் படிக்கிறவர் எதுவும் சொல்லாமல் பட்டியலிலிருந்து விலகிவிடுவார். மாநாட்டுக்குப் போவதால் அவர் இழக்கும் இரண்டு நாள் கூலியே அவருக்குப் பெரிய தொகை. அவர் வர முடியாத மாநாட்டுத் திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சேவைத் திட்டம் ஒன்றே ஒன்று போதும். அது படித்த படிப்போடு ஒட்டியதாக இருக்கட்டும். நான் திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பது 'வீட்டா' என்று அழைக்கப்படும் வருமான வரித் தன்னார்வப் பணி. 1969இலிருந்து அமெரிக்க வருமான வரித்துறையின் ஆதரவில் நடந்து வருகிறது. குறைந்த வருமானமுள்ளவர்கள், முதியோர், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் இலவசமாக வரிக் கணக்குத் தாக்கல் செய்து தருவார்கள். அதற்கு முதலில் வரித்துறையின் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். நன்னடத்தை விதிகளுக்கும் தனித் தேர்வு உண்டு. ஒருவர் தயாரித்த படிவத்தை இன்னொருவர் வரிவரியாகச் சரிபார்த்த பிறகே அது போகும்.

இந்தப் பணி ஆண்டுத் திட்டத்தில் அழகாகப் பொருந்தும். கிளை தனியாக மையம் தொடங்க வேண்டியதில்லை. நூலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ ஏற்கெனவே நடக்கும் மையத்தோடு சேர்ந்துகொள்ளலாம். அவர்கள் இலையுதிர்காலத்திலேயே ஆள் தேடுவார்கள். நம் கூட்டம் ஒன்றில் வந்து பேசச் சொல்லலாம். தேர்வுக்கான படிப்பு டிசம்பர், ஜனவரி விடுமுறையில். முதலாளிகள் ஊதியச் சான்றான டபிள்யூ-2 படிவத்தை ஜனவரி 31க்குள் தந்துவிட வேண்டும் என்பதால், பிப்ரவரி தொடக்கத்தில் மையத்தில் வரிசை நீளும். உழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கான வரிச்சலுகையைக் கோருகிறவர்களுக்கு, பணம் பிப்ரவரி நடுவுக்கு முன் வராது என்று சட்டமே சொல்கிறது; வாடகை பாக்கியோடு வந்து நிற்கும் ஒரு தாய்க்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியவர் பத்தொன்பது வயது மாணவர். கணக்கியல் புத்தகத்தின் எந்த அத்தியாயமும் தராத பயிற்சி இது. ஏப்ரல் 15ஆம் தேதியோடு பருவம் முடிகிறது. மாநாடும் இதே நாட்களில் வருவதால் இரண்டுக்கும் ஒரே ஆட்களைப் போடக் கூடாது. செப்டம்பரிலேயே இரண்டு குழுவாகப் பிரித்துவிடுவது நல்லது. எஃப்-1 விசாவில் வந்திருக்கும் நம் ஊர் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரம் 20 மணி நேரம் என்ற வரம்பு கல்லூரி வளாகத்தில் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்குத்தான். சம்பளமில்லாத சங்கப் பொறுப்புக்கு அது தடையில்லை, ஒதுங்கி நிற்காதீர்கள்.

மற்றவை தாமாக அமையும். நவம்பர் 15ஆம் தேதியை அமெரிக்கத் தொழில்முனைவு நாளாக இந்த அமைப்பு கொண்டாடுகிறது. அன்று உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரை அழைக்கலாம். பிப்ரவரியில் அமைப்பின் வாரம் வரும். பேச்சாளர் என்றாலே பெரிய நிறுவனத்தின் தலைவரைத் தேடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் இதே அறையில் உட்கார்ந்திருந்து, இப்போது ஒரு வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர் வந்து பேசினால் மாணவர்கள் கேள்வி கேட்பதை நிறுத்த மாட்டார்கள். முதல் வேலைக்கு எப்படி விண்ணப்பித்தார், எத்தனை இடத்தில் மறுத்தார்கள் என்பதைத்தான் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

கூட்டத்தை விதிப்படி நடத்தக் கற்றுக்கொடுப்பதற்கும் ஒரு கூட்டத்தில் இருபது நிமிடம் ஒதுக்குவேன். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர், தாம் தலைமை தாங்கிய ஒரு தேவாலயக் கூட்டம் அமளியில் முடிந்ததைப் பார்த்துக் கூட்ட விதிகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். 1876இல் அவர் வெளியிட்ட நூலின் வழிவந்த விதிகளைத்தான் அமெரிக்கச் சங்கங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. முன்மொழிவது, வழிமொழிவது, விவாதிப்பது, வாக்கெடுப்பது என்ற இந்த ஒழுங்கு கூச்சமுள்ள மாணவருக்குப் பெரிய துணை. தன் முறை வரும், அப்போது யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்று அவருக்குத் தெரிகிறது.

இனி ஏப்ரல், மே. ஆண்டின் மிக முக்கியமான பகுதி இதுதான் என்பது என் திடமான கருத்து. பல கிளைகளில் தேர்தல் கடைசிக் கூட்டத்தில் நடக்கிறது. கைதட்டிவிட்டு எல்லோரும் இறுதித் தேர்வுக்கு ஓடிவிடுகிறார்கள். ஆகஸ்டில் புதிய தலைவர் வந்து பார்த்தால் மின்னஞ்சலின் கடவுச்சொல், வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்ட பழைய செயலாளரின் கைபேசியில் இருக்கும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் உரிமை இன்னும் பழைய பொருளாளரிடம் இருக்கும். கோப்புகள் யாரோ ஒருவரின் சொந்த டிரைவில். எண்பதாண்டு அமைப்பின் கிளை ஒன்று சுழியத்திலிருந்து தொடங்கும்.

ஆகவே தேர்தலை மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். ஏப்ரல் முழுவதும் பழையவரும் புதியவரும் இணைந்து வேலை செய்யட்டும். புதிய பொருளாளர் மாநாட்டுக்கு வந்து விடுதிக் கணக்கைத் தன் கையால் தீர்க்கட்டும். புதிய செயலாளர் கடைசி இரண்டு கூட்டத்தின் குறிப்பை எழுதட்டும். தேர்தல் முடிவைக் கூட்டக் குறிப்பில் தெளிவாகப் பதிவு செய்தால், கையெழுத்து மாற்ற வங்கியில் அதைக் காட்டலாம்; இரண்டு பொருளாளர்களும் ஒன்றாகவே வங்கிக்குப் போய்வர வேண்டும். மின்னஞ்சலும் கோப்புகளும் கிளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் அல்ல. வெளியேறும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்: எந்த வேலைக்கு யாரைப் பார்த்தேன், எவ்வளவு நாள் பிடித்தது, எதற்கு எவ்வளவு செலவானது, எதை மறுபடி செய்ய மாட்டேன். இந்தக் கடைசி வரிதான் புதியவர்களுக்கு மிகவும் பயன்படுகிறது.

மே நடுவில் பட்டமளிப்பு. அதற்கு முந்தைய வாரத்தில் புதியவர்கள் அடுத்த ஆண்டின் காலண்டரை விரித்துத் தொழிலாளர் தினம், நன்றி நவிலல் வாரம், இடைத்தேர்வு, வசந்த விடுமுறை எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுவார்கள். மாநில மாநாட்டின் தேதி வந்துவிட்டால் அதை எழுதுவார்கள். வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஜூலையில் யார் விசாரிப்பது என்று ஒரு பெயரை எழுதுவார்கள். செப்டம்பர் மேசைக்கு இடம் பதிவு செய்வதும் அன்றே முடிந்துவிட வேண்டும். கோடையில் ஊரில் இருக்கப் போகிறவர் யார் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

மாணவர் பேரவையிடம் பட்ஜெட் கேட்கப் போவதைப் பற்றி இங்கே ஒரு வரியில் கடந்துவிட்டேன். மாணவர்களே மாணவர்களிடம் கணக்குக் காட்டிப் பணம் கேட்கும் அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த இதழில் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)