அடுக்களைத் தொட்டியின் இலட்சணம்

புதிதாக வீடு கட்டுகிற குடும்பத்தார், வாசற்கதவின் வேலைப்பாட்டுக்கும் கூடத்துத் தரைக்கும் பூஜை அறையின் மாடத்துக்கும் வாரக்கணக்கில் யோசனை செய்து, பலரிடம் அபிப்பிராயம் கேட்டு, கடை கடையாக ஏறி இறங்கித் தீர்மானம் செய்கிறார்கள், ஆனால் அந்த வீட்டில் நாள்தோறும் மூன்று வேளையும் ஒருவர் நின்று உழைக்கப்போகிற பாத்திரம் துலக்கும் தொட்டியையோ, மேடைக் கல்லை அறுக்க வந்தவர் “சிங்க் வந்துவிட்டதா?” என்று கேட்கிற அன்றைக்குத்தான் நினைத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் அகப்பட்டதை வாங்கி வந்துவிடுகிறார்கள். அவ்விதம் அவசரத்தில் வாங்கிய பொருள் நல்லதாக அமைந்துவிட்டால் பல்லாண்டுகள் சிரமமின்றி உழைக்கும். பிசகாக அமைந்துவிட்டாலோ, மேடைக் கல்லைப் பெயர்க்காமல் அதை மாற்றுவது அநேகமாக இயலாத காரியம் ஆகையால், அத்தனை ஆண்டுகளும் அதன் குறையை ஒருவர் தம் முதுகிலும் தோளிலும் சுமக்க நேரும். ஆகவே, அந்தத் தொட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பது அற்பமான விஷயமன்று.

நம் முன்னோர் வீடுகளில் இந்தத் தொட்டிக்கு அவசியமே இருக்கவில்லை. அங்கணத்திலோ கிணற்றடியிலோ முற்றத்து மூலையிலோ மணை போட்டு உட்கார்ந்து, புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாத்திரம் துலக்கினார்கள்; கழுவிய நீர் கொல்லைப்புறத்து வாழைக்கும் சேம்புக்கும் பாய்ந்தது. நகரங்கள் பெருகி, குழாய்த் தண்ணீர் அடுக்களைக்குள்ளேயே வந்து, மாடிக் குடியிருப்புகளில் முற்றமும் கொல்லையும் மறைந்த பிறகு, உட்கார்ந்து செய்த வேலையை நின்று செய்ய வேண்டியதாயிற்று. அதற்காக முதலில் சிமெண்டுத் தொட்டிகளும் வெள்ளைப் பீங்கான் தொட்டிகளும் வந்தன. சிமெண்டு கறையை உறிஞ்சியது. பீங்கானோ, கை தவறி விழுந்த கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்ததோடு, கனத்த பாத்திரம் விழுந்தால் தானும் விரிந்தது. எவர்சில்வர் தொட்டி இவ்விரு குறைகளும் இல்லாமையால் அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. கறையை உறிஞ்சாமை, கொதிநீரைத் தாங்குதல், விழும் பாத்திரத்துக்குச் சற்று இசைந்து கொடுத்தல் ஆகிய மூன்றும் அதன் இயல்பான குணங்கள்.

துரு என்பது இரும்பின் கூடப்பிறந்த தோஷம். அதைப் போக்கிய உலோகத்தின் சரித்திரம் ஏறத்தாழ நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முற்பட்டது. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துக் குருப் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள் 1912ஆம் ஆண்டில் உருக்கோடு குரோமியத்தையும் நிக்கலையும் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். மறு ஆண்டில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில், துப்பாக்கிக் குழல்கள் தேய்ந்துபோகாதிருக்கத் தக்க உருக்கை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரியர்லி என்பவர், குரோமியம் மிகுந்த உருக்கு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பதைக் கண்டு, கத்தி செய்வதற்கு அது உகந்தது என்று வற்புறுத்தினார். இன்று நம் அடுக்களைத் தொட்டிகளாக உருவெடுக்கும் தகட்டின் வம்சம், பிரியர்லியின் கத்தி உருக்கைவிடக் குருப்பின் நிக்கல் உருக்குக்கே நெருங்கியது. நம் நாட்டிலும் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து இத்தகைய தகடுகளை உருட்டி வருகிறது.

இந்த உலோகம் துருவை எதிர்க்கும் முறை வியக்கத்தக்கது. நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் கலந்திருக்குமானால், அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து, தகட்டின் மேற்பரப்பு முழுவதிலும், ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு கனங்கூட இல்லாத, கண்ணுக்குப் புலனாகாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. தோலில் பட்ட சிறு கீறல் தானே ஆறிவிடுவதுபோல, இந்தப் படலமும் எங்கேனும் உராய்ந்து நீங்கினால், காற்றுப் பட்ட மாத்திரத்தில் மறுபடி தானே உண்டாகிவிடும். ஆகையால் எவர்சில்வரைப் பாதுகாப்பது என்பதற்கு, அந்தப் படலம் பிழைத்திருக்கும்படி அதைச் சுத்தமாகவும் காற்றாடவும் வைத்திருப்பது என்பதே பொருள்.

கடைகளில் தொட்டிக்கு வழங்கும் தகடுகள் பெரும்பாலும் இரண்டு ஜாதி. முதலாவது 304 என்பது; இதில் குரோமியம் சுமார் 18 சதவீதமும் நிக்கல் சுமார் 8 சதவீதமும் இருப்பதால், 18/8 என்றும் அதைக் குறிப்பதுண்டு. இரண்டாவது 202 என்பது. நிக்கல் விலையுயர்ந்த உலோகம் ஆகையால், அதில் பாதியளவைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீஸைச் சேர்த்துச் செய்தது. இன்னும் மலிவான சில வகைகளில் நிக்கல் ஏறத்தாழ 1 சதவீதமே இருக்கும். வாங்குகிற அன்றைக்கு இவையெல்லாம் ஒன்றுபோலவே பளபளக்கும். உப்பும் புளியும் ஊறுகாய்ச் சாறும் படிந்து, இரவு முழுவதும் ஈரம் நின்று, சில வருஷங்கள் கழிந்த பிறகே இவற்றின் குணபேதம் வெளிப்படும். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு நீர் வருகிற வீடுகளிலும், கடற்கரை ஊர்களிலும், 304க்குக் குறைந்ததை வாங்காதிருப்பதே விவேகம். அதற்கும் மேலாக, மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் சேர்த்த 316 என்ற தகடு உண்டாயினும், சாதாரண அடுக்களைக்கு அவ்வளவு தூரம் செலவு செய்வது அவசியமன்று.

தரத்தைக் கண்டறியக் காந்தத்தை வைத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று மக்களிடையே பரவியிருக்கிறது. காந்தம் பலமாக ஒட்டிக்கொண்டால், அது நிக்கல் இல்லாத 430 போன்ற தகடு என்று சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் ஒட்டவில்லை என்பதனாலேயே அது 304 என்று நிச்சயித்துவிட முடியாது. ஏனெனில் 202 தகட்டிலும் காந்தம் ஒட்டுவதில்லை. அதற்கு மாறாக, உண்மையான 304 தகடும், அச்சில் அழுத்தி வளைக்கப்பட்ட மூலைகளில் மட்டும் சிறிதளவு காந்தத்தை இழுக்கக்கூடும். எனவே காந்தப் பரீட்சையை மாத்திரம் நம்பாமல், தரத்தின் எண்ணைப் பட்டியலில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான எவர்சில்வர் தொட்டிகளுக்கு ஐ.எஸ். 13983 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு; அந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்ப்பது நலம். எழுதித் தரத் தயங்குகிற கடைக்காரரிடம் விலையைப் பற்றிப் பேசுவதிலேயே பிரயோஜனமில்லை.

தரத்துக்கு அடுத்தது தகட்டின் கனம். வியாபாரத்தில் கனத்தைக் கேஜ் என்ற கணக்கினால் சொல்கிறார்கள். இதில் எண் ஏற ஏறக் கனம் குறையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர். கேஜ் முறைகளுக்குள்ளேயே சிறு பேதங்கள் உண்டு ஆகையால், மில்லிமீட்டரிலேயே கேட்பது குழப்பத்தைத் தவிர்க்கும். அம்மிக் குழவியைப்போல் கனத்த பொருள்களைக் கழுவும் நம் வீடுகளுக்கு 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தகடு வேண்டும். மெல்லிய தகடு, தண்ணீர் விழும்போதெல்லாம் இரைவதோடு, கொதிக்கிற கஞ்சியைக் கொட்டினால் ‘டொம்’ என்று அடித்தளம் உப்பி மீளும். கனத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு: ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மில்லிமீட்டர் கனமும் உள்ள இத்தகட்டின் எடை ஏறத்தாழ 8 கிலோ. ஆகவே, ஒரே அளவும் ஆழமும் உள்ள இரண்டு தொட்டிகளுள் எது அதிக எடையோ அதுவே கனத்த தகட்டினாலானது என்பதைத் தராசே சொல்லிவிடும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ரப்பர்த் துண்டுகளோ தடித்த பூச்சோ தென்பட வேண்டும். அவை ஓசையை அடக்குவதற்காக ஒட்டப்பட்டவை.

இனி, அளவு. கடைக்காரர் 24க்கு 18 அங்குலம் என்று சொல்வது பெரும்பாலும் விளிம்போடு சேர்ந்த வெளி அளவாகவே இருக்கும். பாத்திரம் இறங்கவேண்டிய உள்ளளவு இரு பக்கத்திலும் இரண்டு அங்குலம்வரை குறைந்திருக்கும். வீட்டிலுள்ள மிகப் பெரிய குக்கரையும், இட்லிக் கொப்பரையையும், பண்டிகை நாட்களில் மட்டும் பரணிலிருந்து இறங்குகிற உருளியையும் அளந்துகொண்டு கடைக்குப் போவதே தக்கது. இரட்டைத் தொட்டி பார்வைக்கு வசதியாகத் தோன்றினாலும், இருக்கிற இடத்தை இரண்டாகப் பங்கிடுவதால், இரண்டில் ஒன்றிலும் பெரிய பாத்திரம் திரும்பாமல் போகிற வீடுகள் பல. இடம் குறைந்த அடுக்களைக்கு அகலமான ஒற்றைத் தொட்டியும், பக்கத்தில் கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து நீர் வடியவிட ஒரு வடிகால் பலகையும் இருப்பதே அதிக சௌகரியம் என்பது என் அபிப்பிராயம்.

ஆழத்தைப் பற்றிச் சற்று நிதானமாகவே சிந்திக்க வேண்டும். ஏனெனில் உடம்புக்குத் தீங்கு விளைவது பெரும்பாலும் இங்கேதான். ஆழம் மிகுந்தால் நீர் வெளியே தெறிக்காது, பாத்திரமும் அதிகம் கொள்ளும் என்பது மெய்யே. ஆனால் தரையிலிருந்து 32 அங்குல உயரமுள்ள மேடையில் 10 அங்குல ஆழத் தொட்டியைப் பொருத்தினால், அதன் அடித்தளம் 22 அங்குலத்தில் நிற்கும். கல்லுக்கு அடியில் பொருத்தினாலோ கல்லின் கனமும் சேர்ந்து இன்னும் முக்கால் அங்குலம் கீழே போகும். சராசரி உயரமுள்ள ஒரு பெண் அந்தத் தளத்தைத் தொடுவதற்கு ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைத்தே ஆக வேண்டும். இப்படி நாள்தோறும் வளைகிறவருக்கு முதுகுவலி வருவது வயதின் குற்றமன்று. மேடையின் உயரத்தையும் தொட்டியின் ஆழத்தையும் தனித்தனியாகத் தீர்மானித்தவர்களின் குற்றம். இவ்விரண்டையும் சேர்த்தே நிச்சயிக்க வேண்டும். 8 அல்லது 9 அங்குல ஆழம் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால், தொட்டி இருக்கும் பகுதியில் மேடையைச் சற்று உயர்த்திக் கட்டுவது பரிகாரமாகும்.

தொட்டி செய்யும் முறையும் இருவகைப்படும். ஒரே தகட்டை அச்சில் அழுத்திக் குழித்தெடுப்பது ஒரு முறை. இதில் மூலைகள் உருண்டிருப்பதால் அழுக்குத் தங்காது, ஆனால் தகடு இழுபட்டு அவ்விடங்களில் சற்று மெலிந்திருக்கும். தகட்டை மடித்து மூலைகளைப் பற்றவைத்துச் செய்வது மற்றொரு முறை. இதில் கனம் எங்கும் ஒரே சீராக இருக்கும், கொள்ளளவும் அதிகம், ஆனால் மூலைகள் கூர்மையாக இருந்தால் சோற்றுப் பருக்கையும் பிசுக்கும் அங்கே குடியேறும். பின்னதை வாங்குகிறவர்கள், மூலை சிறிதேனும் வளைந்திருக்கிறதா, அடித்தளம் துவாரத்தை நோக்கிச் சரிகிறதா என்று தண்ணீர் ஊற்றியே பார்க்கலாம். கண்ணாடிபோல் மின்னும் பரப்பில் ஒவ்வொரு கீறலும் துலக்கமாகத் தெரியும். மங்கலாக இழைத்த பரப்பில் கீறல்கள் அடங்கிக் கிடக்கும். நித்திய உபயோகத்துக்குப் பின்னதே மேல்.

வடிகாலின் துவாரம் நான்கு அங்குலத்துக்குக் குறையாமலும், அதிலுள்ள ஜாலி கறிவேப்பிலையையும் பருக்கையையும் தடுத்துக் கையால் எளிதில் தூக்கத்தக்கதாயும் இருக்க வேண்டும். கீழே செல்லும் குழாயில், சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலேறாதபடி எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும் வளைவு அவசியம். வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தொட்டிக்குக் கேடில்லை, கீழேயுள்ள பி.வி.சி. குழாய்தான் இளகி நெளியும். கஞ்சியை ஆறவைத்தோ, குழாயைத் திறந்து குளிர்ந்த நீரோடு சேர்த்தோ ஊற்றுவது நல்லது.

நல்ல தொட்டியும் அஜாக்கிரதையால் கெடும். கிருகப்பிரவேசத்துக்கு முன், தரையிலுள்ள சிமெண்டுக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். அந்த ஆவி அடுக்களையில் தங்கினாலே புதுத் தொட்டியில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிவிடும். ஆதலால் அந்த வேலையெல்லாம் முடியும்வரை தொட்டியை நன்றாக மூடி, சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரும் உப்பும் தகட்டின் மேல் தங்கினால், அவற்றிலுள்ள குளோரின் சம்பந்தமான பொருள்கள் அந்த மெல்லிய படலத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால், அதன் துகள்கள் பதிந்து துருப்பிடித்து, தொட்டியே துருவேறியதுபோல் காட்டும். கடின நீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவத்தை எலுமிச்சைத் தோலோ புளியோ கரைத்துவிடும். பிறகு நல்ல நீர் விட்டு அலம்பி, இரவில் ஒரு துணியால் ஈரத்தைத் துடைத்துவிட்டால், தொட்டிக்கு வேறு வைத்தியம் தேவையில்லை.

இவ்வளவையும் ஆராய்ந்த பின்னும், ஒரு காரியத்தைச் செய்யாவிட்டால் தேர்வு பூரணமாகாது. அந்தத் தொட்டியில் வேலை செய்யப்போகிறவர், அவர் மனைவியாயினும், வயதான தாயாராயினும், வேலைக்கு வருகிற அம்மாளாயினும், கடைக்கு உடன் வரவேண்டும். வந்து, தம் வீட்டு மேடையின் உயரத்தில் தொட்டியை வைக்கச் சொல்லி, அதன் அடித்தளத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். குரோமியத்தின் அளவையும் தகட்டின் கனத்தையும் பணம் கொடுப்பவர் விசாரித்து அறிந்துகொள்ளலாம்; ஆனால் இந்தத் தொட்டி தமக்கு உகந்ததா என்பதை அங்கே நிற்கப்போகிறவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் மிகுந்த உழைப்பு நடைபெறும் இடத்தைப் பற்றிய தீர்மானம், அங்கே உழைக்கிறவரைக் கேளாமலே நெடுங்காலமாகச் செய்யப்பட்டு வந்திருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றுவதற்கு ஒரு காசும் செலவில்லை. கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றே போதும்.